நம்மைப் பற்றிய கணக்கு நம் கையில் இருக்கட்டும்

(அடி அண்ணாமலை ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரை. உறுப்பினர்களின் வேண்டுகோளுக்கிணங்க இம்மலரில் இடம்பெறுகிறது.)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் ஏக இறைவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக!

சற்று முன் செயலாளர் அவர்கள் கல்வி நிதியின் வரவு செலவைப் படித்தார்கள். பொறியியல், மருத்துவம், செவிலியர் படிப்பு, பாலிடெக்னிக் ஆகியவற்றுக்கு மட்டுமே உதவித்தொகை என்பது இதுவரையுள்ள நடைமுறை. இவ்வாண்டு இரு மனுக்கள் அந்த வரம்புக்கு வெளியே வந்துள்ளன. பொருளாதாரம் படிக்க விரும்பும் ஒரு மாணவி; வரலாறு படிக்க விரும்பும் ஒரு மாணவர். இருவருக்கும் அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. இவர்களுக்கு உதவலாமா, கூடாதா என்பதைப் பொதுக்குழுவே முடிவு செய்யட்டும் என்று நிர்வாகத்தார் ஒத்தி வைத்துள்ளார்கள். "இதைப் படித்து என்ன செய்யப் போகிறார்கள்?" என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஜகாத்தும் ஸதகாவும் சேர்ந்த பணம், பயனற்ற வழியில் போய்விடக் கூடாது என்ற பொறுப்புணர்வில் எழுந்த கேள்வி அது. அதற்கு விடை தேடும் முயற்சியே இன்றைய உரை.

மனிதக் கூட்டத்தைப் பற்றிய அறிவு

பொருளாதாரம், வரலாறு, சமூகவியல், மானிடவியல், அரசியல் ஆகியவற்றைச் சமூக அறிவியல்கள் என்கிறார்கள். மருத்துவர் உடலைப் பார்க்கிறார். பொறியாளர் இயந்திரத்தைப் பார்க்கிறார். சமூக அறிவியலார் மனிதர்கள் கூட்டமாக வாழும் வாழ்வைப் பார்க்கிறார். ஒரு தெருவில் பிள்ளைகள் ஏன் பத்தாம் வகுப்போடு நிற்கிறார்கள்? ஓர் ஊரில் கடன் ஏன் பெருகுகிறது? ஒரு தொழில் ஏன் நலிகிறது? இவற்றை ஊகத்தால் அன்றி, எண்ணியும் கேட்டும் ஒப்பிட்டும் அறிவதே அந்தக் கல்வி.

இது நமக்கு அந்நியமான கல்வியன்று. பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவு எவ்வாறிருந்தது என்று பார்க்குமாறு அருள்மறை பல இடங்களில் தூண்டுகிறது. ஒரு செய்தி வந்தால் அதன் உண்மையைத் தீர விசாரிக்குமாறு 'ஹுஜுராத்' அத்தியாயம் கட்டளையிடுகிறது. அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடக் கூடாது என்பதே அங்குக் கூறப்படும் காரணம். மக்கள் பல கிளைகளாகப் படைக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்து கொள்ளவே என்றும் அதே அத்தியாயம் கூறுகிறது.

அல்பிரூனி அவர்கள் சமஸ்கிருதம் கற்று, இந்திய மக்களின் நம்பிக்கைகளையும் கணிதத்தையும் வானவியலையும் பற்றி ஏறத்தாழ 1030ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்றை எழுதினார்கள். மாற்றுச் சமயத்தாரின் கொள்கையை, அவர்கள் எவ்வாறு நம்புகிறார்களோ அவ்வாறே எடுத்துரைக்க வேண்டும் என்ற நேர்மை அந்நூலில் உண்டு. மலையைச் சுற்றி வரும் மக்களுக்கு நடுவே, கிரிவலப் பாதையின் ஓரத்தில் வாழும் நமக்கு இந்த நேர்மையின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

துனிஸ் நகரில் 1332ஆம் ஆண்டு பிறந்து, 1406ஆம் ஆண்டு கெய்ரோவில் மறைந்த இப்னு கல்தூன் அவர்களை இத்துறையின் முன்னோடி என மேலை நாட்டாரும் ஒப்புக்கொள்கிறார்கள். அவர்கள் நம்மைப் போல் மார்க்கக் கல்வி கற்றவர்கள். அல்அஸ்ஹரில் பாடம் நடத்தியவர்கள். கெய்ரோவில் மாலிக்கீ மத்ஹபின் காழியாகப் பதவி வகித்தவர்கள். அவர்களின் 'முகத்திமா' 1377ஆம் ஆண்டு எழுதப்பட்டது. பழைய வரலாற்றாசிரியர்கள் படைகளின் எண்ணிக்கையை இலட்சக்கணக்கில் எழுதி வைத்ததை அவர்கள் அப்படியே ஏற்கவில்லை. அத்தனை பெரிய படையை அந்த நாடு தாங்குமா, அத்தனை பேர் ஒரு களத்தில் நின்று போரிட முடியுமா என்று வினவினார்கள். அறிவிப்பாளரை எடைபோடுவதுடன், சொல்லப்பட்ட செய்தி சமுதாய வாழ்வின் இயல்போடு பொருந்துகிறதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வகுத்த நெறி. இந்த நூல் 1958ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஆங்கிலத்தில் முழுமையாக வெளிவந்த பின், அங்குள்ள பல்கலைக்கழகங்களில் பாடமாக வாசிக்கப்பட்டது. நம் மதரஸாக்களிலோ அது அலமாரியில் இருக்கும் நூலாகவே பெரும்பாலும் இருந்து வருகிறது.

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நம்மவர்கள்

அமெரிக்கா என்றதும் கணிப்பொறியும் மருத்துவமனையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அங்குள்ள பல்கலைக்கழகங்களில் சமூக அறிவியலைத் தேர்ந்தெடுத்த முஸ்லிம் அறிஞர்களும் இருக்கிறார்கள். அவர்களிடையே ஆழமான கருத்து வேறுபாடுகளும் உண்டு. அவ்வேறுபாடுகளிலிருந்து நாம் கற்க வேண்டியது நிறைய.

பாலஸ்தீனத்தின் யாஃபா நகரில் 1921ஆம் ஆண்டு பிறந்தவர் பேராசிரியர் இஸ்மாயீல் ராஜி அல்ஃபாரூகி. தாயகத்தை இழந்து அமெரிக்கா சென்று, ஃபிலடெல்ஃபியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். 1972ஆம் ஆண்டு அங்கு முஸ்லிம் சமூக அறிவியலாளர் சங்கம் உருவானதில் அவருக்குப் பெரும் பங்குண்டு. 1981ஆம் ஆண்டு இஸ்லாமியச் சிந்தனைக்கான சர்வதேச நிறுவனம் தோன்றியதிலும் அவர் முன்னின்றார். மேலை நாட்டுச் சமூக அறிவியல், இறைவனை ஒதுக்கி வைத்த அடித்தளத்தின் மேல் எழுந்தது. ஆகவே அதன் துறைகள் ஒவ்வொன்றையும் தவ்ஹீதின் ஒளியில் மறுபடி அமைக்க வேண்டும் என்பது அவரது வாதம். 1986ஆம் ஆண்டு மே மாதம், ரமளானில், அவரும் அவருடைய துணைவியாரும் தம் இல்லத்திலேயே படுகொலை செய்யப்பட்டனர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவருக்கு மாறுபட்டவர் சிகாகோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபஸ்லுர் ரஹ்மான். அன்றைய ஒன்றுபட்ட இந்தியாவின் ஹஸாரா பகுதியில் 1919ஆம் ஆண்டு பிறந்தவர். தேவ்பந்தில் ஓதிய ஆலிம் ஒருவரின் மகன். அவருடைய கருத்துகள் பலவற்றில் உலமாப் பெருமக்களுக்குக் கடுமையான மறுப்பு உண்டு என்பதை நாம் அறிவோம். ஆயினும் இந்தப் பொருளில் அவர் சொன்னது சிந்திக்கத்தக்கது. அறிவுக்கு முஸ்லிம் முத்திரை குத்தத் திட்டங்கள் தீட்டுவதைவிட, நன்றாகச் சிந்திக்கும் மனிதர்களை உருவாக்குவதே முதல் தேவை. அறிவு நல்லதே, அதைக் கையாளும் மனிதனின் பொறுப்பில்தான் கோளாறு என்பது அவரது நிலைப்பாடு. 1988ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

'மக்காவுக்குச் செல்லும் பாதை' என்ற நூலால் நம்மில் பலரும் அறிந்த முஹம்மது அஸத் அவர்களின் மகன் தலால் அஸத். 1932ஆம் ஆண்டு மதீனாவில் பிறந்து, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியராக விளங்கியவர். காலனி ஆட்சிக்கும் மானிடவியலுக்கும் இருந்த உறவைப் பற்றி அவர் தொகுத்த நூல் 1973ஆம் ஆண்டு வெளிவந்தது. ஆளுகின்றவன் ஆளப்படுகின்றவனைப் பற்றி எழுதும்போது, அந்த எழுத்தில் அதிகாரம் எவ்வாறு புகுந்துவிடுகிறது என்று அத்துறைக்குள்ளேயே நின்று கேள்வி எழுப்பியவர் அவர். இதைக் கவனிக்க வேண்டும். வெளியில் நின்று "எல்லாம் சூழ்ச்சி" என்று கூறுவது எளிது. உள்ளே சென்று, அவர்களுடைய மொழியிலேயே, அவர்கள் மறுக்க முடியாத வகையில் குறையைச் சுட்டுவதற்குத்தான் கல்வி தேவைப்படுகிறது.

மதரஸாவில் ஓதிய எம் போன்றோருக்கு இன்னொருவரின் வாழ்க்கை மிக நெருக்கமானது. தென்னாப்பிரிக்காவில் பிறந்த இப்ராஹீம் மூஸா இந்தியாவுக்கு வந்து தேவ்பந்திலும் லக்னோ நத்வதுல் உலமாவிலும் ஓதினார். பின்னர்ப் பல்கலைக்கழகக் கல்வி பெற்று அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலும், அதன்பின் நாட்டர் டேம் பல்கலைக்கழகத்திலும் பேராசிரியரானார். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் நிகழ்வுக்குப் பின், மதரஸா என்றாலே வன்முறைக் கூடம் என்று உலக ஊடகங்கள் எழுதிய காலம் ஒன்றிருந்தது. மதரஸா என்பது யாது என்பதை விளக்கி 2015ஆம் ஆண்டு அவர் நூல் எழுதினார். மதரஸாக்களில் குறையே இல்லை என்று அவர் சொல்லவில்லை; பாடத்திட்டம் காலத்தோடு உரையாட வேண்டும் என்கிறார். ஆனால் பாயில் அமர்ந்து ஓதிய ஒருவர் எழுதியதால் அந்த விளக்கத்திற்கு ஒரு கனம் இருந்தது.

நம்மைப் பற்றி எழுதியவர்கள்

இனி நம் தமிழகத்துக்கு வருவோம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மாட்டிசன் மைன்ஸ் என்ற மானிடவியலாளர், 1960களின் பிற்பகுதியில் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் தங்கித் தமிழ் முஸ்லிம் வணிகர்களைப் பற்றி ஆய்வு செய்தார். அவருடைய நூல் 1972ஆம் ஆண்டு வெளிவந்தது. இராவுத்தர், மரைக்காயர், லெப்பை, காயலர் என்ற பிரிவுகள் நம்மிடையே இருப்பினும், அவை சாதிகளைப் போல் மேல் கீழ் என அடுக்கப்பட்டவை அல்ல என்று அவர் எழுதினார். கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பெயர்ந்தவர்கள் அங்கே பிரிவின் பெயரைவிட முஸ்லிம் என்ற அடையாளத்தையே முதன்மையாகப் பற்றிக்கொள்கிறார்கள் என்றும் கண்டறிந்தார்.

அவர் எழுதியது முழுவதும் சரியா என்று ஆராய வேண்டியவர்கள் நாம். நம் வட்டாரத்தில் உருது பேசும் குடும்பங்களும் தமிழ் பேசும் குடும்பங்களும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறோம். பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்போது அதே நெருக்கம் இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு நேர்மையான விடை நம் நிக்காஹ் பதிவேட்டிலேயே இருக்கிறது. அதைப் படித்து, எண்ணி, எழுத நம்மில் ஒருவர் பயிற்சி பெறவில்லை. அவ்வளவுதான்.

நம்மவர்கள் எழுதியதும் உண்டு. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் இம்தியாஸ் அஹ்மத், இந்திய முஸ்லிம்களிடையே நிலவும் சாதி, சமூக அடுக்கு பற்றிய கட்டுரைகளைத் தொகுத்து 1973ஆம் ஆண்டு நூலாக்கினார். அந்தத் தொகுப்பில் மைன்ஸின் தமிழகக் கட்டுரையும் இடம்பெற்றது. புதுக்கோட்டை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஜெ. ராஜா முகமது அவர்கள், சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் கடல் வணிக வரலாற்றை 2004ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார்கள். இலங்கையின் பேராசிரியர் எம்.ஏ. நுஃமான், அந்நாட்டு முஸ்லிம்களின் இன அடையாளம் பற்றி எழுதியிருக்கிறார்கள். இவர்களைப் போன்றோர் விரல் விட்டு எண்ணும் அளவிலேயே இருக்கிறார்கள் என்பதுதான் நம் கவலை.

திருவண்ணாமலைக்குக் குறிப்பேட்டுடன் வந்து தங்கும் வெளிநாட்டு ஆய்வாளர்கள் நமக்குப் புதியவர்கள் அல்லர். மலையைப் பற்றியும் ஆசிரமங்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். நம் பள்ளிவாசலின் பழைய வரலாறோ, நம் பெரியவர்களின் நினைவில் மட்டுமே இருக்கிறது. ஒவ்வொரு ஜனாஸாவோடும் அதில் ஒரு பக்கம் மண்ணுக்குள் போகிறது. வரலாறு படிக்க விரும்பும் அந்த மாணவரின் மனுவை நாம் இந்தக் கண்ணோட்டத்தில் பார்க்க வேண்டும்.

எண்ணிக்கைக்கு உள்ள வலிமை

"எழுதி என்ன பயன்?" என்று கேட்கலாம். அண்மைக் கால வரலாற்றிலிருந்தே விடை சொல்லலாம்.

நீதிபதி ராஜிந்தர் சச்சார் தலைமையிலான குழு 2005ஆம் ஆண்டு மார்ச் மாதம் அமைக்கப்பட்டு, 2006ஆம் ஆண்டு நவம்பரில் அறிக்கை தந்தது. அதன் உறுப்பினர் செயலாளர் அபூ ஸாலிஹ் ஷெரீஃப் ஒரு பொருளாதார அறிஞர். குழுவினர் மக்கள் தொகைக் கணக்கெடுப்பையும் அரசின் பிற புள்ளிவிவரங்களையும் முறையாகப் பகுத்து வைத்தார்கள். இந்திய ஆட்சிப் பணியில் முஸ்லிம்கள் 3 விழுக்காடு, காவல் பணியில் 4 விழுக்காடு, வெளியுறவுப் பணியில் 1.8 விழுக்காடு என்று அவ்வறிக்கை காட்டியது. 2001ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அன்று மக்கள் தொகையில் நாம் 13.4 விழுக்காடு. "முஸ்லிம்களுக்குச் சலுகை அதிகம்" என்று அதுவரை பேசப்பட்டதற்கு இந்த எண்களே விடையாயின.

முஸ்லிம் பிள்ளைகள் எல்லாரும் மதரஸாவுக்கே போகிறார்கள் என்ற பேச்சும் அவ்வாறே அடங்கியது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் மதரஸாவில் மட்டும் ஓதுவோர் ஏறத்தாழ 3 விழுக்காட்டினரே என அறிக்கை கூறியது. இந்த ஓர் எண்ணுக்கு நிகரான பதிலை நம் மேடைப் பேச்சுகள் அறுபது ஆண்டுகளில் தந்ததில்லை.

எண்ணிக்கை நமக்கு வசதியானதை மட்டும் சொல்வதில்லை என்பதையும் உணர வேண்டும். 2001ஆம் ஆண்டு நாடு முழுவதும் முஸ்லிம்களின் எழுத்தறிவு 59.1 விழுக்காடு, நாட்டின் சராசரியைவிடக் குறைவு. ஆனால் தமிழகத்தில் முஸ்லிம்களின் எழுத்தறிவு 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியான 73.5 விழுக்காட்டைவிட அதிகம். ஆகவே வடபுலத்துக்காக எழுதப்பட்ட புலம்பலை நாம் அப்படியே இங்கு ஒப்பிப்பது பொருந்தாது. இங்குள்ள நம் நோய் என்ன என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் எந்த வகுப்பில் நிற்கிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்பதை மாநிலச் சராசரி நமக்குச் சொல்லாது.

இட ஒதுக்கீட்டையும் பாருங்கள். ஆந்திரத்தில் 2004ஆம் ஆண்டு முஸ்லிம்களுக்கு 5 விழுக்காடு அறிவிக்கப்பட்டபோது உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பின்தங்கிய நிலை முறையான ஆய்வின் மூலம் நிறுவப்படவில்லை என்பது அவ்வழக்குகளில் மீண்டும் மீண்டும் சுட்டிக்காட்டப்பட்ட குறை. தமிழகத்தில் சட்டநாதன் குழுவும் அம்பாசங்கர் குழுவும் பிற்படுத்தப்பட்டோர் பற்றி நெடுங்காலம் முன்பே விவரங்களைத் திரட்டி வைத்திருந்தன. நீதிபதி ஜனார்த்தனம் தலைமையிலான ஆணையத்தின் பரிந்துரைக்குப் பின், 2007ஆம் ஆண்டு பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. லெப்பை, தக்னி, துதேகுலா, மாப்பிள்ளை, அன்ஸார், ஷேக், ஸையத் என ஏழு பிரிவினர் அதில் அடங்குவர். இன்று நம் பிள்ளைகள் வாங்கும் சாதிச் சான்றிதழுக்குப் பின்னால், வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுதியவர்களின் உழைப்பு இருக்கிறது.

நாட்டில் கடைசியாக முழுமையான மக்கள் தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 2011ஆம் ஆண்டில். அடுத்தது 2027ஆம் ஆண்டை அடிப்படையாகக் கொண்டு நடத்தப்படும் என்றும், அதில் சாதி விவரமும் சேரும் என்றும் 2025ஆம் ஆண்டு அரசு அறிவித்தது. அந்த விவரங்கள் வெளிவரும்போது அவற்றைப் படித்துப் புரிந்து, நம் நிலையை எடுத்துரைக்க நம்மிடம் ஆட்கள் இருப்பார்களா? பொருளாதாரம் படிக்க விரும்பும் அந்த மாணவி, இறைவன் நாடினால், அப்போது பட்டம் பெற்றிருப்பாள்.

நம் மஹல்லாவின் கடன்

வங்கதேசத்தின் முஹம்மது யூனுஸ் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். தாயகம் திரும்பிச் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியபோது, 1974ஆம் ஆண்டுப் பஞ்சத்தைக் கண்டார். வகுப்பறைப் பொருளாதாரம் பசிக்கு விடை தரவில்லை என்று உணர்ந்து, பக்கத்து ஊரான ஜோப்ராவுக்குச் சென்றார். கடன்காரரிடம் சிக்கியிருந்தவர்களைப் பட்டியலிட்டார். 42 பேர், அவர்கள் எல்லாருடைய கடனும் சேர்ந்து 856 டாக்கா. அன்றைய மதிப்பில் 27 டாலருக்கும் குறைவு. ஓர் ஊரின் அடிமைத்தனத்தின் விலை அவ்வளவே என்பது, பட்டியல் போட்ட பிறகுதான் தெரிந்தது. அவர் பின்னர் நிறுவிய கிராமிய வங்கி வட்டி வாங்குகிறது. வட்டியைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு தெளிவானது. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் பட்டியல் போட்ட அந்த முறையைக் கற்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

நம் மஹல்லாவில் குழுக் கடன் வாங்கியிருக்கும் சகோதரிகள் இருக்கிறார்கள். வாரத் தவணை வசூலிக்க வருபவர் எந்தத் தெருவில் எந்தக் கிழமை வருவார் என்று சிறு பிள்ளைக்கும் தெரியும். பௌர்ணமிக் கூட்டத்தை நம்பிக் கிரிவலப் பாதையில் கடை போடும் சகோதரர்கள், சரக்கு எடுக்க நகையை அடகு வைக்கிறார்கள். வட்டி ஹராம் என்று மிம்பரிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் சொல்கிறோம். சொல்வது நம் கடமை. ஆனால் எத்தனை குடும்பங்கள், எவ்வளவு தொகை, எதற்காக வாங்கினார்கள் என்பது நம்மில் எவருக்கும் தெரியாது. மருத்துவச் செலவா, கல்யாணச் செலவா, கடைச் சரக்கா? காரணம் தெரியாமல் மருந்து கொடுக்க முடியுமா? பைத்துல்மாலில் கர்ழன் ஹஸனா கொடுக்க ஒரு இலட்சம் வேண்டுமா, பத்து இலட்சம் வேண்டுமா என்பதையே நாம் அறியோம். அந்தக் கணக்கைப் போடக் கற்றுத் தருவதுதான் பொருளாதாரப் படிப்பு. பெண்களின் கடனைப் பற்றி வீட்டுக்குள் சென்று பக்குவமாகக் கேட்டறிய ஒரு பெண்ணால்தான் முடியும்.

கணக்கெடுப்பு என்றாலே நம் மக்களுக்கு ஓர் அச்சம் உண்டு. 2019ஆம் ஆண்டு டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் வந்தபோது எழுந்த கலக்கம் இன்னும் முழுமையாக அகலவில்லை. அந்த அச்சத்தை நாம் இகழக் கூடாது. ஆகவே ஜமாஅத் எடுக்கும் எந்தக் கணக்கும் சில ஒழுங்குகளுக்கு உட்பட வேண்டும். ஒருவரின் கடனும் வறுமையும் அமானிதம். பெயரின்றி எண் மட்டுமே குறிக்கப்பட வேண்டும். விருப்பமில்லாதவர் பதில் சொல்லாமல் இருக்கலாம். அதனால் அவருக்கு எந்த உதவியும் மறுக்கப்படக் கூடாது. திரட்டிய தாள்கள் வெளியார் எவரிடமும் போகக் கூடாது. மொத்த முடிவு மட்டும் இப்பொதுக்குழுவில் வாசிக்கப்பட வேண்டும்.

வேலை கிடைக்குமா?

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். கலைப் படிப்பு முடித்தவுடன் கைநிறையச் சம்பளம் கிடைத்துவிடும் என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால் வழிகள் உள்ளன. குரூப் தேர்வுகளிலும் ஐ.ஏ.எஸ். முதனிலைத் தேர்விலும் வரலாறும் அரசியல் அமைப்பும் பொருளாதாரமும் பெரும் பகுதி. பொருளாதாரத்தில் முதுகலை முடித்தவர்களுக்கு இந்தியப் பொருளாதாரப் பணி என்றொரு தனித் தேர்வே இருக்கிறது. சட்டம், ஆசிரியப் பணி, பத்திரிகைத் துறை ஆகியவற்றுக்கும் இதுவே வாசல். 3 விழுக்காடு, 4 விழுக்காடு என்ற எண்களைப் படித்து வருந்தும் நாம், அந்தப் பணிகளுக்குப் போகும் பாதையில் காலெடுத்து வைக்கும் பிள்ளைக்கு நிதி இல்லை என்று சொல்வது முரணல்லவா?

பொருளாதாரத்தில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்ற ஒருவர்தான் ஜாமிஆ மில்லியாவைக் கட்டிக் காத்து, 1967ஆம் ஆண்டு இந்நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்தார். டாக்டர் ஜாகிர் ஹுசைன் அவர்களை நினைவுகூர்வது இங்குப் பொருத்தமே.

சிறுபான்மை மாணவர்களின் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழங்கப்பட்டு வந்த மௌலானா ஆஸாத் தேசிய உதவித்தொகை நிறுத்தப்படுவதாக 2022ஆம் ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. அரசின் கை சுருங்கும் இடத்தில் சமுதாயத்தின் கை நீள வேண்டும். 1951ஆம் ஆண்டு திருச்சியில் ஜமால் முகமது கல்லூரியையும், அதே ஆண்டு சென்னையில் புதுக்கல்லூரியையும் நிறுவிய நம் முன்னோர், கலைப் பாடங்களுக்கும் அங்கு இடம் வைத்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

நம் வேண்டுகோள்

ஆகவே இப்பொதுக்குழுவின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, கல்வி நிதியின் விதியைத் திருத்தி, அந்த மாணவிக்கும் மாணவருக்கும் இவ்வாண்டே உதவித்தொகை வழங்க வேண்டும். தொழிற்கல்வி படிப்போருக்குத் தருவதில் ஒரு ரூபாயும் குறைய வேண்டாம். கூடுதல் தொகையை நாம் அனைவரும் சேர்ந்து திரட்டுவோம். இமாமின் பங்காக ஒரு மாத ஊதியத்தை இங்கேயே அறிவிக்கிறோம்.

இரண்டாவது, மேற்சொன்ன ஒழுங்குகளுக்கு உட்பட்டு, மஹல்லாவின் கல்வி நிலையையும் கடன் நிலையையும் பற்றிய ஒரு கணக்கெடுப்பை அடுத்த ரமளானுக்கு முன் நடத்த வேண்டும். ஜகாத் பங்கீட்டுக்கு அது பேருதவியாக இருக்கும்.

மூன்றாவது, பள்ளிவாசலின் பழைய பதிவேடுகளையும் பத்திரங்களையும் கரையானுக்கு இரையாகாமல் படி எடுத்துப் பாதுகாக்க வேண்டும். எழுபது வயதைக் கடந்த பெரியவர்களிடம் அமர்ந்து, அவர்கள் கண்டதையும் கேட்டதையும் எழுதி வாங்க வேண்டும். வரலாறு படிக்கும் மாணவருக்கு நாம் தரும் உதவிக்குக் கைம்மாறாக இந்தப் பணியை அவரிடம் கேட்கலாம்.

அமெரிக்காவில் நம் அறிஞர்கள் அறிவின் பெயரால் வாதிட்டுக்கொண்டார்கள் என்று கூறினோம். அறிவை மறுபடி அமைக்க வேண்டும் என்றார் ஒருவர். அறிவாளியை உருவாக்க வேண்டும் என்றார் மற்றவர். அந்த விவாதத்துக்கு அடி அண்ணாமலையில் இருந்து நாம் தீர்ப்பு சொல்ல வேண்டியதில்லை. நம் முன் இரண்டு மனுக்கள் இருக்கின்றன. தீர்ப்புக் கூற வேண்டியது அவற்றுக்குத்தான்.

கல்வியில் பரக்கத்தையும், செல்வத்தில் தூய்மையையும், உள்ளங்களில் ஒற்றுமையையும் வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் வழங்குவானாக! கடனில் தவிக்கும் நம் சகோதர சகோதரிகளின் சுமையை இலேசாக்குவானாக! நம் பிள்ளைகளைச் சமுதாயத்துக்கும் நாட்டுக்கும் பயன் தரும் நன்மக்களாக ஆக்குவானாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.